வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

பலெர்மோ
12.01.2024

அன்புள்ள சிவபாக்கியம் அக்காவுக்கு,

சுதா எழுதுகிறேன். நானும் இவரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி? மழை விட்ட பிறகு வீக்கம் வற்றியதா? நீங்கள் சொன்னபடி கடிதம்தான் போடுகிறேன். போனில் எழுதினால் பக்கத்து வீட்டுக் கிருசாந்தினி முதலில் வாசித்து, விசுவமடு முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் உங்களுக்குக் காட்டுகிறாள் என்றீர்களே. இந்தச் செய்தி அவளிடம் போகக் கூடாது.

அக்கா, எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப் போயிருக்கிறது. இரண்டு மாதம். முதல் இரண்டும் போல இதுவும் போய்விடுமோ என்று இருமினாலும் பயமாக இருக்கிறது. இவர் என்னைத் தேங்காய்கூடத் துருவ விடுவதில்லை.

கார்த்திகையில் வீடு மாறினோம். நான் பகலில் வைத்துப் பராமரிக்கிற சிஞ்ஞோரா எமிலியானாவின் வீடு இது. சிஞ்ஞோரா என்றால் இங்கே 'அம்மா' என்கிற மாதிரி. அவருக்குத் தொண்ணூறு வயது ஆகப் போகிறது, பிள்ளைகள் இல்லை. இரவிலும் ஆள் வேண்டுமென்று மேல்மாடியில் வேலைக்காரருக்காகக் கட்டிய இரண்டு அறைகளை எங்களுக்குத் தந்தார். ஸ்பானியர் இந்தத் தீவை ஆண்ட காலத்து மாளிகை, அக்கா. குதிரைவண்டி நுழையக்கூடிய வாசல், கல் பதித்த முற்றம், இரண்டு கையாகப் பிரிந்து ஏறும் சிவப்பு மாபிள் படி. பல்கணிக் கம்பிகள் வயிறு தள்ளியதுபோல வெளியே வளைந்திருக்கும். அகலப் பாவாடை கட்டிய சீமாட்டிகள் நிற்பதற்காம். "ஏழாம் மாசத்தில உனக்கும் உதவும்" என்று இவர் பகிடி விடுகிறார்.

வீட்டின் ஒரு பக்கம் பழைய உலகச் சண்டையில் குண்டு விழுந்து இன்றுவரை கூரையில்லாமல் நிற்கிறது. முதல் நாளே அதைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்தும் செல்லடி பட்ட சுவருக்குப் பக்கத்திலேதான் பாய் போட வேண்டுமா என்று நினைத்தேன்.

சிஞ்ஞோரா படுப்பது எங்கள் அறைக்கு நேர் கீழே உள்ள பெரிய மண்டபத்தில். அதன் சீலிங் முழுக்கச் சித்திரம். முகிலுக்குள் உருளுகிற கொழுத்த குழந்தைகள், கையில் பூக்கூடை. கல் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். மேலே குறுக்கே மர உத்தரம், தீராந்தி, அதில் நாணலைக் கட்டிச் சுண்ணாம்பு பூசி அதன்மேல் கீறியதாம். சிஞ்ஞோராவுக்குச் சோறு தீத்தும்போது நான் அந்தக் குழந்தைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்காக நேர்ந்துகொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி
சுதாஜினி


விசுவமடு
09.02.2024

என்ரை பிள்ளை சுதாவுக்கு,

அம்மாளாச்சி காவல். நான் இருக்கிறேன், முழங்காலும் தன் பாட்டில் இருக்கிறது. காது எப்போதும்போல. சண்டையில் பக்கத்தில் செல் விழுந்த நாளிலிருந்து ஒரே இரைச்சல்தான், போனில் பேசினால் ஒன்றும் கேட்காது, அதுவும் பழகிவிட்டது.

கடிதத்தை மாட்டுக்கொட்டிலில் நின்று வாசித்தேன். அழுதேன், பிறகு சிரித்தேன். மாடு என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும்! எங்கள் குடும்பத்தில் மிச்சம் நீயும் நானும்தான். மூன்றாவதாக ஒரு உயிர் வருகிறதென்றால் எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லு. வீடு மாறினாயே, கழுவினாயா? அந்த அறைகளில் முன்னே யார் இருந்தது, யார் செத்தது என்று விசாரித்தாயா? இத்தனை காலத்து வீட்டில் எத்தனை பிணம் கிடந்திருக்கும்! துடக்குப் பட்ட தரையில் படுத்தால் பிள்ளை எப்படியடி தங்கும்? முந்திய வீட்டிலும் நீ கழுவியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு வெள்ளியும் மஞ்சள் கரைத்து வாளி வாளியாக ஊற்றிக் கழுவு. தடியில் துணியைச் சுற்றித் துடைக்கிற வேலை வேண்டாம். அது கழுவல் இல்லை, தடவல். தண்ணீர் ஓட வேண்டும். நீ வாளி தூக்காதே, உன்ரை மனிசன் தம்பி ரஜீவனைத் தூக்கச் சொல்லு. பிள்ளை பிறக்குமட்டும் ஒரு வெள்ளியும் விடாதே.

நான் இங்கே உனக்காகக் கழுவத் தொடங்கிவிட்டேன்.

அக்கா


பலெர்மோ
08.03.2024

அன்புள்ள அக்கா,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. மாட்டையும் கேட்டதாகச் சொல்லுங்கள். நாலாம் மாதம் பிறந்துவிட்டது. முந்திய இரண்டும் இந்த மாதத்தைக் காணவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கடிதம் வந்த கிழமையே தொடங்கிவிட்டோம். இன்றும் கழுவி முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பல்லரோ சந்தையில் இவர்தான் மஞ்சள் வாங்கினார், கடைக்காரர் "இவ்வளவு எதுக்கு, கலியாணமோ?" என்று கேட்டாராம். வாளி தூக்குவது இவர். நான் வாசலில் கதிரை போட்டிருந்து "அங்கை ஊத்துங்கோ, கட்டிலுக்குக் கீழை ஊத்துங்கோ" என்று அதிகாரம் பண்ணுகிறேன்.

இந்த அறைக்குத் தண்ணீர் போக ஓட்டை வைக்கவில்லை. வழித்து அள்ள வேண்டி வரும் என்று பயந்தோம். பார்த்தால், மூலையில் தரை ஓடுகள் உடைந்த இடத்தால் தானாகவே இறங்கிப் போய்விட்டது. சுவரோரம் என்றபடியால் வெளியேதான் போகும். நல்ல வீடு அக்கா, தண்ணீர் நிற்பதே இல்லை.

கீழே போனபோது சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டு, "மழையா?" என்று கேட்டார். மேலே தண்ணீர் ஓடுகிற சத்தம் அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. "மழைதான் சிஞ்ஞோரா" என்றேன். நல்லது, தூங்கலாம் என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

முழங்காலுக்கு எண்ணெய் போட மறக்க வேண்டாம்.

சுதா


விசுவமடு
02.04.2024

செல்லம் சுதா,

இங்கே வெயில் கொளுத்துகிறது, அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. நீ மெலியாமல் இருக்கிறாயா? புளி ஆசையா, இனிப்பு ஆசையா? எழுதவே இல்லையே!

நாலாம் மாதம் தாண்டினாய் பார்த்தாயா? அக்கா சொன்னால் சும்மாவா? தண்ணீர் நிற்காமல் போகிறதென்றால் தோஷமும் நிற்காமல் போகிறது என்றுதான் அர்த்தம். கொஞ்சம் கூடவே ஊற்று. உடைந்த ஓட்டைப் பூசி அடைத்து வைக்காதே, போகிற வழியை மறிக்கக் கூடாது.

கிருசாந்தினி என் முகத்தைப் பார்த்தே என்னவோ இருக்கிறதென்று கண்டுபிடித்துவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை. பிறக்கட்டும், பிறகு ஊருக்கே சர்க்கரைப் பொங்கல்.

வெள்ளி தவறவில்லைத்தானே?

அக்கா


பலெர்மோ
30.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம், பிள்ளையும் சுகம். உங்களுக்கு வெயிலில் தலைச்சுற்று வரவில்லையே? ஆசை புளிதான். இங்கே எலுமிச்சங்காய்க்குப் பஞ்சமில்லை, உப்புத் தொட்டுத் தின்கிறேன்.

அக்கா, பிள்ளை துடிக்கிறது! கூடையைத் தட்டிவிடுகிறதுபோல ஒரு உதை. சிஞ்ஞோராவின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தேன். அவர் சீலிங்கைக் காட்டி, "மேலே இருக்கிறதில் ஒன்று இறங்கிவிட்டது, எண்ணிப் பார்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்து முடிக்க வெகுநேரம் சென்றது.

அந்தச் சீலிங்கைப் பற்றித்தான் ஒன்று கேட்க வேண்டும். மூலைப் பக்கத்துக் குழந்தையின் காலில் மஞ்சளாக ஒரு நிறம் படர்ந்திருக்கிறது. சந்தனம் பூசியதுபோல. முந்தி இல்லை. சிஞ்ஞோராவுக்குக் கண் மங்கல். முந்தி அதிலே பொன் பூசியிருந்ததாம், பொன் திரும்பி வருகிறது என்று சந்தோசப்படுகிறார். அவருடைய மருமகள் மொனிகா, தம்பியின் மகள், பொலிதேயாமாவில் ஒரு கந்தோரில் வேலை. அவர் கட்டடம் பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்து காட்டினார். வந்தவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கூரை ஒழுக்கு, கோடை வந்தால் காய்ந்துவிடும் என்று போய்விட்டார். எங்கள் அறைக்கு ஏறவே இல்லை.

இவர் மட்டும் இரவில், "எங்கட தண்ணியோ தெரியாது சுதா" என்றார். நான் ஏசிவிட்டேன். "வீடு பார்க்கிறவனே கூரை எண்டு சொல்லுறான், நீங்கள் என்ன இஞ்சினியரோ?" என்று கேட்டேன். அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ஆனால் அந்த நேரம் முதல் எனக்கும் நித்திரை சரியில்லை.

நிறுத்தவா அக்கா? நிறுத்திப் பிள்ளைக்கு ஏதும் வந்தால் நான் தாங்க மாட்டேன். உங்கள் பதில் வருமட்டும் கழுவிக்கொண்டே இருக்கிறேன். கெதியாக எழுதுங்கள்.

சுதா


விசுவமடு
24.05.2024

என்ரை குஞ்சு சுதா,

உன் கடிதம் தபால் கந்தோரில் கிடந்து பிந்தி வந்தது. நான் சுகம். நீ நித்திரை முழிக்காதே, பிள்ளைக்குக் கூடாது.

எடி விசரி, அதுக்கா பயப்பட்டாய்? குழந்தையின் காலில் மஞ்சள் தெரிகிறதென்றால் அது அம்மாளாச்சி பூசியது! வேறு நிறம் இல்லையா உலகத்தில்? மஞ்சள்தானே வந்திருக்கிறது? இதைவிட என்ன அறிகுறி வேண்டும்? நான் வாசித்துவிட்டு அந்த இடத்திலேயே கும்பிட்டேன்.

நிறுத்தாதே. நேர்ந்ததைப் பாதியில் விடுவது நேராமலே இருப்பதைவிடக் கெடுதல். தம்பி ரஜீவனுக்கு வாளி தூக்கக் கை வலிக்கிறதாக்கும், அதுதான் கதை சொல்கிறார். இன்னும் கொஞ்ச நாள்தானே என்று அவரிடம் சொல்லு.

பிள்ளைக்குச் சட்டை தைக்கத் துணி வாங்கியிருக்கிறேன். ஆணோ பெண்ணோ தெரியாது, அதனால் இளம்பச்சை. வெள்ளி, வெள்ளி, வெள்ளி! மறவாதே.

அக்கா


பலெர்மோ
26.06.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறோம்.

சிஞ்ஞோரா எமிலியானா செத்துப்போனார். பழைய வீடு, கூரை பழுது. அந்த வீட்டைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் வேறு இடத்துக்கு மாறிவிட்டோம். விலாசம் கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சுதா


விசுவமடு
20.07.2024

சுதாவுக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி? உண்மையைச் சொல்லு.

இது என்ன கடிதம், தந்தி மாதிரி? கிழவி போனது கவலைதான், உன்னை மகள்போல வைத்திருந்த மனிசி. ஆனால் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விலாசம் மட்டும்தான் இருந்தது. எட்டாம் மாதம் முடிந்திருக்க வேண்டுமே. வயிறு இறங்கிவிட்டதா? டொக்டர் என்ன சொன்னது?

செத்த வீட்டிலிருந்து நேரே புது வீட்டுக்குப் போயிருக்கிறாய். போன கையோடு கழுவினாயா? வெள்ளியை விட்டுவிடவில்லையே? மாறுகிற அவதியில் விட்டிருந்தால் இந்தக் கிழமையே தொடங்கு.

இளம்பச்சைச் சட்டை மூன்றும் தைத்து முடிந்தது.

அக்கா


விசுவமடு
02.09.2024

சுதா,

ஏன் எழுதவில்லை? தேதி தாண்டிவிட்டது. மானத்தை விட்டுக் கிருசாந்தினியிடம் சொல்லிப் போன் எடுக்கச் சொன்னேன். அடிக்கிறது, எடுக்கிறீர்கள் இல்லை என்கிறாள். அவளுக்குத்தான் கேட்கிறது, எனக்கு அவளுடைய முகம் மட்டும்தான் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்கிறது?

பிறந்துவிட்டதா? நீ உயிரோடு இருக்கிறாயா? அதையாவது எழுது.

வெள்ளியை நீ விட்டுவிட்டாயோ என்றுதான் என் மனம் அடிக்கிறது. விட்டிருந்தால் சொல்லு, நான் ஏச மாட்டேன்.

அக்கா


பலெர்மோ
30.09.2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

ரஜீவன் எழுதுகிறேன். நான் இதுவரை உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை, பிழை இருந்தால் பொறுக்க வேண்டும். சுதா உயிரோடு இருக்கிறா. நடக்கிறா, சாப்பிடுகிறா, வேலைக்குப் போகிறா. இப்போது லிபெர்த்தா வீதியில் ஒரு வீட்டில் வேலை. நான் எழுதுவது அவவுக்குத் தெரியாது.

பிள்ளை இல்லை, அக்கா. பெண்பிள்ளை. ஏழாம் மாதம். அழவில்லை.

வைகாசி கடைசி வெள்ளி. நான் மேலே கழுவி முடித்து வாளியைக் கவிழ்த்து வைத்தேன். சுதா கீழே சிஞ்ஞோராவுக்குச் சூப் தீத்திக்கொண்டு நின்றா. மேலிருந்த எனக்கு முதலில் ஒரு முறிகிற சத்தம் கேட்டது, பிறகு என் காலுக்கு முன்னாலேயே தரை போய்விட்டது. அந்த ஓட்டையால் கீழே பார்த்தேன். தூசிக்குள் ஒன்றும் தெரியவில்லை. தீராந்தி சிஞ்ஞோராவின் கட்டிலுக்குக் குறுக்கே கிடந்தது. அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். சுதாவின் முதுகில் சுண்ணாம்புப் பாளம் விழுந்து, அவ வயிறு அடிபட விழுந்து கிடந்தா. கையில் கரண்டி அப்படியே இருந்தது.

விசாரித்தவர்கள் பழைய வீடு, உளுத்த மரம், என்றோ ஒரு நாள் விழத்தான் இருந்தது என்று எழுதினார்கள். ஒருவரும் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. மொனிகா கட்டிப்பிடித்து அழுதா, "என் மாமியைக் கடைசிவரை பார்த்தீர்கள்" என்று. அதுதான் அக்கா தாங்க ஏலாமல் இருக்கிறது.

தீயணைப்புக்காரர் முற்றத்தில் கொட்டின நாணலை நான் பார்த்தேன். அவ்வளவும் மஞ்சள். மரத்தின் நுனியும் மஞ்சள். ஒரு ஆள் தொட்டுப் பார்த்துவிட்டு, பழைய காலத்துச் சாயம் என்று மற்றவருக்குச் சொன்னார். அது எங்கள் மஞ்சள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சீமெந்துத் தரை, கீழே மண். ஊற்றினால் முற்றத்துக்குப் போகும். இங்கே எங்கள் தரை இன்னொருவரின் முகடு என்று எனக்குப் படவில்லை. பட்டபோதும் நான் அழுத்திச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியால் வந்து சாமான் எடுக்கப் போன அன்று சுதா அந்தக் குவியலுக்குள் ஒரு துண்டைக் கண்டு எடுத்தா. குழந்தையின் கால். விரலால் உரசி மணந்து பார்த்தா. எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டா. நிறுத்தாதே என்ற உங்கள் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. நிறுத்தவா என்று கேட்டு, பதிலுக்காகத்தான் இருந்தோம்.

"ஊத்தச் சொன்னது நான்" என்று அவ சொல்கிறா. வாளி தூக்கியது நான். நீங்கள் இதை வாசித்துவிட்டு "கழுவச் சொன்னது நான்" என்பீர்கள் என்றும் எனக்குத் தெரியும். அப்படி நினைக்க வேண்டாம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். அவ உங்களுக்கு எழுதாததும் அதற்காகத்தான். "அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், அவ அங்கை தனிய இருந்து செத்துப்போவா" என்றா.

உங்களுக்கு ஒன்றும் தெரியாததுபோலவே அவவுக்கு எழுதுங்கள். வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் இனிமேல் கேட்க வேண்டாம். அந்த ஒரு வரியைக் கண்டால் அவ அன்று முழுக்கச் சாப்பிடுகிறா இல்லை.

இப்படிக்கு,
ரஜீவன்


விசுவமடு
28.10.2024

அன்புள்ள சுதாவுக்கு,

நான் நல்ல சுகம். நீயும் தம்பியும் சுகமாக இருக்க வேண்டும். பிள்ளை தங்கவில்லை என்று என் மனமே சொல்லிவிட்டது, நீ எழுதாதபோதே தெரியும். எழுதச் சொல்லி உன்னை இனிக் கரைச்சல் தர மாட்டேன். அழ வேண்டுமென்றால் அழு. சாப்பிடு.

இங்கே மழை தொடங்கிவிட்டது. கிணறு நிரம்பி, குனிந்து கையாலே அள்ளலாம் போல இருக்கிறது. மாடு நாகு கன்று போட்டது. கிருசாந்தினிக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், மாப்பிள்ளை யசிந்தன் என்று பரந்தன் பொடியன். எனக்கு முழங்கால் ஏலாது, வீடு முழுக்கத் தூசி மண்டிப்போய்க் கிடக்கிறது. கிடந்தால் கிடக்கட்டும்.

குளிர் வரப் போகிறதே, காலுக்குச் சொக்ஸ் போடு. அங்கே இரவில் நித்திரை வருகிறதா? வேலை செய்கிற வீட்டுக்காரி நல்லவவா?

வேறென்ன எழுத? நீ சுகமாக இரு. அதுதான் வேண்டும்.

உன் அக்கா
சிவபாக்கியம்


பலெர்மோ
29.11.2024

அன்புள்ள அக்கா,

சொக்ஸ் போட்டிருக்கிறேன். சாப்பிடுகிறேன். உங்களுக்கு இருமல் ஒன்றும் இல்லையே? கன்றுக்கு என்ன பேர் வைத்தீர்கள்?

வேலை செய்கிற வீடு புதுக் கட்டடம், எல்லாம் கொங்கிறீட். வீட்டுக்காரி நல்லவர்தான். போன கிழமை பல்கணிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். வாளியை நிரப்பினேன். தூக்கிக்கொண்டு நின்றேன், ஊற்ற முடியவில்லை. கீழ்வீட்டில் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தானே ஊற்றினார்.

உங்கள் கடிதத்தை முதல் தரம் வாசித்தபோது ஆறுதலாக இருந்தது. இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் கண்டேன். கன்று இருக்கிறது, கிருசாந்தினியின் மாப்பிள்ளை இருக்கிறார், என் காலுக்குச் சொக்ஸ் இருக்கிறது. அந்த ஒன்று மட்டும் இல்லை. கேட்காமல் நீங்கள் ஒரு கடிதம் முடித்ததில்லையே, அக்கா. கிணறு நிரம்பியிருக்கிறது என்று எழுதிய அதே கையால் வீடு தூசி என்றும் எழுதியிருக்கிறீர்கள். மழைக்காலத்திலும் கழுவுகிறவர் நீங்கள்.

இவர் எழுதிவிட்டார். அவரைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். பாவம், அவரும் யாரிடம் சொல்வது?

உங்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை, சிஞ்ஞோராவைக் காப்பாற்ற முடியவில்லை, இதையாவது உங்களிடம் வராமல் காப்பேன் என்று நினைத்தேன். அதுவும் போய்விட்டது. இப்போது நீங்கள் அங்கே அந்த இரைச்சலோடு தனியே இருந்து என்ன நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அக்கா. அடுத்த கடிதத்தில், ஒன்றும் நடக்காததுபோல, எப்போதும்போல, வெள்ளிக்கிழமை கழுவினாயா என்று கேளுங்கள்.

ஓம் என்று எழுதுகிறேன்.

உங்கள்
சுதா